நின்ற இடத்திலிருந்து எண்ணியவர்

கோழிக்கடைக்காரருக்குக் கோபம் வரக் காரணம் வேண்டியதில்லை. தராசு முள் ஆடினால் வரும். கறி வாங்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டால் வரும். வானம் கறுத்துக் காட்டிவிட்டு மழை பெய்யாமல் போனாலும் வரும். அன்றைக்கு ஏரிக்கரையில் புதிதாக நின்ற பலகையைப் பார்த்தபோது காரணமும் கையோடு கிடைத்துவிட்டது.

நகராட்சி நட்ட பலகை அது. கிழக்குப் பக்கத்துச் சேற்றுத் திட்டில் மண் கொட்டி மேடாக்கி, லாரி நிறுத்தத்தை விரிவாக்கப் போகிறார்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் இரண்டு வாரம் கழித்து நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சொல்லலாம் என்று மேலே எழுதியிருந்தது. அது தெரிந்த சங்கதிதான். அதை எதிர்த்து அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஏற்கெனவே தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது கீழே வரைந்திருந்த கோடு. குளிர்காலத்தில் இந்த ஏரிக்கு வலசை வரும் வாத்துகளின் எண்ணிக்கை, இருபது வருடத்துக்கு. கோடு அங்கே கொஞ்சம் ஏறியிருந்தது, இங்கே கொஞ்சம் இறங்கியிருந்தது, மற்றபடி படுத்தது படுத்தபடி கிடந்தது. நடுவில் ஓர் அம்புக்குறி. லாரி நிறுத்தத்தின் முதல் பகுதியைக் கட்டிய வருடம் அது. அம்புக்குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோட்டில் ஒரு அசைவும் இல்லை. ஆகவே இரண்டாம் பகுதியாலும் பறவைகளுக்குப் பாதிப்பு இருக்காது என்று அடியில் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். அதற்கும் அடியில், 'தகவல் உதவிய பறவை நோக்கர் குழுவுக்கு நன்றி.'

"எங்க கத்திய வாங்கி எங்க கழுத்துலயே வச்சுட்டு நன்றி வேறயா?" என்று பலகையைப் பார்த்துக் கத்தினார். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "குக்கர் இன்னிக்கு ஏரியிலயே விசில் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

குக்கர் என்பது அவருடைய பட்டப்பெயர். யார் முதலில் வைத்தார்களோ, கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவர் குரல் உயர்ந்ததும் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே "ஒண்ணு" என்பார். கொஞ்சம் பொறுத்து "ரெண்டு" என்பார். மூன்றாவது விசிலுக்குள் வாடிக்கைக்காரர் பையை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். ஆனாலும் யாரும் கடை மாறியதில்லை. எடையில் கை வைக்க மாட்டார், நேற்றைய கறியை இன்றைக்குத் தள்ள மாட்டார். கத்துகிற மனிதன் ஏமாற்ற மாட்டான் என்று தெருவில் ஒரு நம்பிக்கை.

அவர் பறவை பார்க்கப் போன கதையும் ஒரு சண்டையில் ஆரம்பித்ததுதான். பெண் கொடுத்த வீட்டில் மச்சானுக்கு மட்டும் இவரைப் பிடிக்கவில்லை. மச்சான் அரசாங்க சர்வேயர். வயல் வரப்புத் தகராறுகளில் சங்கிலி பிடித்து அளந்து, எல்லைக்கல் நட்டு, அதை நகர்த்தியவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்த மனிதர். தங்கச்சியைக் கோழி வெட்டுகிறவனுக்குக் கொடுப்பதா என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே முறுக்கிக்கொண்டவர், கல்யாணமான முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் விடியும் முன்பே வந்து கதவைத் தட்டினார்.

"வாங்க மாப்ள. உயிரோட இருக்கிற பறவையும் உலகத்துல உண்டு, காட்டுறேன்."

அந்தக் குத்தலுக்குப் பதில் சொல்வதற்காகவே குக்கர் கிளம்பிப் போனார். ஏரியின் கிழக்கு ஓரத்தில் ஒரு பழைய பம்ப் ரூம் இருந்தது. அதன் மொட்டை மாடிக்கு இரும்பு ஏணி. மேலே ஏறி நின்றபோது கீழே தண்ணீர் முழுக்கக் கறுப்பாக ஏதோ மிதந்துகொண்டிருந்தது. வெளிச்சம் வந்ததும் அது எழுந்தது. ஊசிபோல் வால் நீண்ட வாத்துகள், இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில், ஒரே நேரத்தில். சிறகுச் சத்தத்தில் குக்கருக்கு வாய் அடைத்துப்போனது. வாழ்க்கையில் அவர் வாய் அடைத்தது அந்த ஒரு முறைதான் என்று அவருடைய மனைவி சொல்வார்.

"மச்சான், பறவைன்னா பறக்கும்கிறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றார் கடைசியில்.

மச்சான் சிரித்துவிட்டார். அதோடு பழைய முறுக்கும் போயிற்று. பத்துப் பறவையைக் கண்ணில் ஒரு பிடியாகப் பிடித்து, அந்தப் பிடியைக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்து நகர்த்தி எண்ணும் வித்தையை அன்றே சொல்லிக் கொடுத்தார். கூண்டில் அடைந்து வரும் கோழிகளைப் பார்த்த பார்வையில் எண்ணிப் பழகியவருக்கு அது சட்டென்று பிடிபட்டது. வருடா வருடம் குளிர்காலத்தில் ஒரு நாள் இருவரும் எண்ணினார்கள். பிறகு ஊர்ப் பல் டாக்டரம்மா சேர்ந்தார். மூன்று கால் வைத்து நிறுத்தும் பெரிய தொலைநோக்கி ஒன்றும் அவரோடு சேர்ந்தது. இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். குழு என்று பெயர் வந்தது. பம்ப் ரூம் எதிரே வாத்துகள் சரியாக இறங்காத வருடங்களில் கரையோடு நடந்து மேற்கே போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் இல்லாதபோது நாணல் புதருக்கு அப்பால் போவதற்குப் படகு பிடித்தார்கள். அந்தப் படகை ஏற்பாடு செய்தவரே குக்கர்தான். எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் பிடித்து எண்ணிவிட்டுத்தான் திரும்புவார்கள். வெறுங்கையோடு வந்த வருடமே கிடையாது என்பதில் எல்லோருக்கும் பெருமை. அவருக்குக் கூடுதல் பெருமை.

பலகையைப் பார்த்த கையோடு நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். மேஜை மின்விசிறி கோப்புகளின் ஓரங்களைப் படபடக்க வைத்துக்கொண்டிருந்த சின்ன அறை. இன்ஜினியர் ஒரு இளம்பெண். கோப்புகள் பறக்காமல் இருக்கத் தண்ணீர்க் குவளையை ஒன்றின் மேல் வைத்திருந்தார்.

"எங்க கணக்க எங்களக் கேக்காம எப்படிம்மா பலகையில போட்டீங்க?"

"வருஷா வருஷம் நீங்கதான சார் அனுப்புறீங்க? உங்க மச்சான் கையெழுத்துப் போட்டு."

"அனுப்பினது பறவையக் காப்பாத்த! அது தலையில மண்ணைப் போட இல்ல!"

"சரி. கணக்கு தப்பா?"

"யார் கணக்கு? எங்க கணக்கா? ஒத்தப் பறவையக் கூடக் கூட்டி எழுதினது கிடையாதும்மா!"

"அப்போ பறவை குறையல."

"குறைஞ்சிருக்கு! முன்னெல்லாம் வானமே தெரியாது. இப்போ எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு. இந்தக் கண்ணால பாக்குறேன்."

இன்ஜினியர் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் கோப்பின் மேல் வைத்தார். "கண்ணுக்குக் குறையுது, கணக்குல குறையலன்னா, நான் எதை சார் இதுக்குள்ள வைக்கிறது? உங்க கண்ணையா?"

குக்கர் விருட்டென்று வெளியே நடந்தார். விசிலுக்காகக் காதைத் தீட்டியிருந்த பக்கத்து அறை குமாஸ்தா எட்டிப் பார்த்து ஏமாந்துபோனார்.

வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தபோது எல்லாச் சத்தமும் சேர்ந்து வந்தது. நகராட்சியைத் திட்டினார், லாரிக்காரர்களைத் திட்டினார், அந்த இன்ஜினியர் பெண்ணைப் படிக்க வைத்தவர்களையும் விடவில்லை. மனைவி குழம்புக் கரண்டியோடு கேட்டுக்கொண்டே நின்றார். கடையில் கல்லாவைப் பார்ப்பவர் அவர்தான். எந்தக் கத்தல் எந்த இடத்தில் தணியும் என்பது அத்துப்படி. அன்று தணிகிற வழியாகத் தெரியவில்லை.

"குறைஞ்சிருச்சாம் குறைஞ்சிருச்சு" என்றார் மனைவி. "எனக்கு ஒண்ணு சொல்லுங்க. கல்யாணம் ஆன புதுசுல வாத்து எண்ணப் போனா, கோழி வண்டி வர்றதுக்குள்ள வந்து கடையத் திறப்பீங்க. இப்பல்லாம் போனா மத்தியானம் சோறு ஆறிப்போனதுக்கு அப்புறம்தான் ஆளே வருது. பறவை குறைஞ்சிருந்தா வேலையும்ல குறையணும்? சீக்கிரம்ல வீடு வந்து சேரணும்?"

ஆறிய சோற்றைப் பற்றிப் பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வருத்தம் அது. அதைச் சொல்லவே அவர் வாயைத் திறந்தார். குக்கரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்ன?"

"சோறு ஆறிடுதுன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"சீக்கிரம் வரணும்னு சொன்னேன். ஏன், அதுவும் குத்தமா?"

அவர் இடது கை விரல்களை மடக்கிக்கொண்டே யோசித்தார். முதல் வருடங்களில் கோழி வண்டி வந்து ஹாரன் அடிக்கும் முன் கடையைத் திறந்தாக வேண்டும். உதவிக்கு ஆள் கிடையாது. அதனால் எண்ணிக்கை அதற்குள் முடிந்துவிடும். கடை வளர்ந்து ஆள் போட்ட பிறகு அவசரம் போயிற்று. இரண்டு பேருக்கு ஒரு பைனாகுலர் கண்ணாடி என்று இருந்தது போய் ஏழு பேருக்கு ஏழு கண்ணாடி வந்தது. ஓர் இடம் என்று இருந்தது ஏரி முழுக்க என்று ஆனது. ஒரு விடியல் பொழுது அரை நாளாக நீண்டது. அத்தனையும் கூடிக்கொண்டே போயும் கிடைத்தது மட்டும் அதே இரண்டாயிரம்.

"முட்டாள்" என்றார். "அடி முட்டாள்."

"யாரு, நானா?"

"நான்தான்டி!" என்று கத்திவிட்டு, கையைக் கழுவாமலேயே செருப்பை மாட்டினார்.

மச்சான் வீட்டு முன்னறையில் சுவர் முழுக்கப் பழைய நில வரைபடங்கள். ஒரு மூலையில் அளவைச் சங்கிலி துருப்பிடித்து ஆணியில் தொங்கியது. குக்கர் டாக்டரம்மாவையும் போன் போட்டு வரவழைத்திருந்தார். அவர் கிளினிக்கிலிருந்து அப்படியே வந்ததால் அறையில் மருந்து வாசனை.

"மச்சான், முதல் வருஷம் எத்தனை பேர் எண்ணினோம்?"

"நீங்களும் நானும்."

"எங்க நின்னு?"

"பம்ப் ரூம் மாடி. என்ன மாப்ள, பரீட்சை வைக்கிறீங்களா?"

"எவ்வளவு கிடைச்சுது?"

"ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. போன மாசமும் அதே அளவுதான். அதான நம்ம பெருமை?"

"பெருமையா? பம்ப் ரூம் முன்னாடி கிடைச்ச வாத்து, இப்போ ஏரி பூராவும் நாய் மாதிரி அலைஞ்சாத்தான் கிடைக்குது. ஓடினது நம்ம காலு. அந்த ஓட்டத்தைப் பறவைக் கணக்குல எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கோம்!"

மச்சான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பறவை இருக்கிற இடத்துக்குப் போனாத்தான எண்ண முடியும்? இல்லாத இடத்துல நின்னுக்கிட்டு என்னத்த எண்ணுறது?"

"அந்த இல்லாததைத்தான் மச்சான் எண்ணியிருக்கணும்!"

டாக்டரம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். அவர் குரலிலும் கோபம்தான். தன் மேலேயே வந்த கோபம். "ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கோணத்துல எக்ஸ்ரே எடுத்தா, சொத்தை பரவியிருக்கா இல்லையான்னு என்னாலயே சொல்ல முடியாதுண்ணே. தினமும் பண்ற வேலை. இதை ஏன் நான் யோசிக்கல? அந்தப் பெரிய டெலஸ்கோப்ப வேற பெருமையாத் தூக்கிட்டு வந்தேன்."

"நீங்களாவது பரவாயில்லம்மா" என்றார் குக்கர். "கல்லை நகர்த்தினவனை எத்தனை பேரைக் கோர்ட்டுக்கு இழுத்தீங்க மச்சான்? நாம நின்ன கல்லையே வருஷா வருஷம் நகர்த்தியிருக்கோமே, அது உங்களுக்குத் தெரியலையா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மச்சானின் முகம் செத்துப்போனது. "இருபது வருஷம். என் பேர் போட்ட கணக்கு. தப்புன்னு நானே மேடையேறிச் சொல்லணுமா? அதுக்கு அப்புறம் நாம சொல்ற எதை எவன் நம்புவான்? லாரிக்காரன் கைகொட்டிச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். சும்மா இருந்தா சேத்துல மண்ணு விழுந்துடும். ஞாயித்துக்கிழமை மாடியில நிக்கிறோம். பழைய கண்ணாடி ஒண்ணு, நீங்க, நான். கோழி வண்டி வர்ற நேரம் வரைக்கும். டாக்டரம்மா சாட்சி."

"நான் வரல."

வந்தார். விடியும் முன்பே வந்து ஏணிக்குக் கீழே முறைத்துக்கொண்டு நின்றார். மேலே ஏறினார்கள். வெளிச்சம் வந்தது. பம்ப் ரூம் எதிரே தண்ணீர் வெறுமையாகக் கிடந்தது. லாரி நிறுத்தத்தின் முதல் பகுதியில் யாரோ இன்ஜினை முறுக்கி முறுக்கிச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னக் கூட்டம் இடது ஓரத்தில் இறங்கியது. குக்கர் எண்ணிச் சொன்னார், மச்சான் எழுதினார். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று நாணலுக்கு அப்பாலிருந்து வாத்துச் சத்தம் கேட்டது. நூற்றுக்கணக்கில் இருக்கும். மச்சான் காலை ஏணியில் வைத்துவிட்டார்.

"எங்க போறீங்க?"

"கேக்குதில்ல மாப்ள? அங்கதான் இருக்கு. ஒரு நடை பாத்துட்டு வந்துடுறேன்."

"ஏறுங்க மேல."

"கண்ணுக்குத் தெரியலன்னா இல்லைன்னு ஆயிடுமா? இருக்கிறத விட்டுட்டு..."

குக்கர் குனிந்து சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். மச்சானைத் தொட்டு இழுத்தது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் முறை. "ஆயிரம் இருக்கட்டும், லட்சம் இருக்கட்டும். முதல் வருஷம் நாம போகல. இன்னிக்கும் போக மாட்டோம். ஏறுங்க!"

மச்சான் ஏறினார். கடைசிவரை நாணலைப் பார்க்காமல் எதிரே இருந்த வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் முடிந்தபோது நூற்றுப் பத்து வாத்துகள் கணக்கில் இருந்தன. "இன்னொரு தடவை கூட்டுங்க" என்றார் மச்சான். டாக்டரம்மா கூட்டிப் பார்த்தார். அதே நூற்றுப் பத்து. மச்சான் மாடியின் தண்ணீர்த் தொட்டியை ஓங்கி ஓர் உதை விட்டார். காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இத்தனை வருஷம் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே..." என்று காலைத் தேய்த்தார்.

அடுத்த வாரம் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. பாதி மண்டபம் லாரிக்காரர்கள். அவர்களுக்கும் ஞாயம் இருந்தது. இடமில்லாமல் டிரைவர்கள் சாலையோரத்தில் வண்டிக்கு அடியில் தூங்குகிறார்கள். மேடையில் ஆணையர், பக்கத்தில் இன்ஜினியர். மச்சான் ஒலிவாங்கி முன் நின்று, தங்கள் குழு அனுப்பிய கணக்கு எப்படித் தவறாகப் போயிற்று என்பதைத் தாளைப் பார்க்காமல் சொல்லி முடித்தார். தண்டனை வாங்கிக்கொள்கிறவர் போலக் கைகள் இரண்டும் பின்னால் இருந்தன.

லாரி உரிமையாளர் சங்கச் செயலாளர் எழுந்தார். பருத்த உடம்பு, சிரித்த முகம். "அதாவது சார், இருபது வருஷமா எண்ணத் தெரியாதவங்க, போன ஞாயித்துக்கிழமைதான் எண்ணக் கத்துக்கிட்டாங்களாம். அதுவும் கரெக்டா நமக்கு மண்ணு வர்ற நேரம் பாத்து!"

மண்டபம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து பாத்திரக் கடைக்காரரின் குரல் வந்தது. "ஒண்ணு!"

குக்கர் எழுந்து நின்றார். "ஆமாய்யா, எண்ணத் தெரியல! அதைத்தான எங்க மச்சான் மானத்தை விட்டுட்டுச் சொன்னாரு! நான் ஒண்ணு கேக்குறேன். என் கடைக்குத் தினம் நூறு பேர் வர்றாங்கன்னு வை. ஒரு நாள் யாருமே வரல. நான் கோழியத் தலையில தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா அலைஞ்சு, பக்கத்து ஊருக்கும் போய், நூறு பேர் தலையில கட்டிட்டு வர்றேன். கணக்குப் பாத்தா அதே நூறு. வியாபாரம் பிரமாதம்னு சொல்வியா? கடை செத்துப்போச்சுன்னு சொல்வியா?"

"கோழி வேற, வாத்து வேற அண்ணே."

"கணக்கு ஒண்ணுதான்யா!"

"ரெண்டு... மூணு" என்றார் பாத்திரக் கடைக்காரர். இந்த முறை சிரித்தவர்கள் வேறு பக்கம்.

இன்ஜினியர் ஆணையரிடம் குனிந்து ஏதோ சொன்னார். பிறகு ஒலிவாங்கியை இழுத்தார். முதல் சில வருடக் கணக்குகள் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை என்பதால் அவற்றை ஏற்கலாம். ஆனால் இப்போது எடுத்தது ஒரே ஒரு காலை. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இன்னும் இரண்டு குளிர்காலம் அதே மாடியில், அதே நேரம், நாணல் வரைக்கும் மட்டும் எண்ண வேண்டும். பறவை குறைந்தது உறுதியானால் திட்டம் வேறு இடத்துக்குப் போகும். இல்லையென்றால் மண் விழும். அதுவரை நிறுத்தி வைப்பு. ஆணையர் தலையசைத்தார்.

"எங்க ஆளும் மாடியில நிக்கணும்!" என்றார் செயலாளர். அதுவும் எழுதப்பட்டது.

வெளியே வந்ததும் மச்சான் கேட்டார். "ஜெயிச்சுட்டோமா மாப்ள, தோத்துட்டோமா?"

"ஒரு மண்ணும் இல்ல. ஜாமீன்ல விட்டிருக்காங்க" என்றார் குக்கர். அன்று முழுக்கக் கடையில் கத்தி விழுந்த சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அடுத்த குளிர்காலத்தின் முதல் எண்ணிக்கைக்கு லாரிச் சங்கச் செயலாளரே வந்தார். கழுத்தில் புத்தம்புதிய கண்ணாடி. ஏணி அவர் எடைக்கு முனகியது. மேலே வந்ததும் எல்லோருக்கும் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். குக்கர் வாங்கவில்லை. மச்சான் வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் முறைப்பைப் பார்த்ததும் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

தண்ணீர் வெறுமையாக இருந்தது. குக்கருக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. இப்படியே இருந்தால் போதும், இரண்டு குளிர்காலம் இப்படியே போய்விட்டால் சேற்றைத் தொட முடியாது. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே வடக்கே வானத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கோடு வளைந்தது, அகன்றது, தலைக்கு மேலே வந்தது. ஊசிவால் வாத்துகள். இத்தனை பெரிய கூட்டத்தை இந்த மாடியிலிருந்து அவர் பார்த்து எத்தனையோ வருடம் ஆயிற்று.

"போங்க" என்று அவர் வாய் முணுமுணுத்தது. "வேற எங்கயாவது போய்த் தொலைங்களேன்."

அவை சாய்ந்து, சுற்றி, நேர் எதிரே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கின.

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தபோது குக்கருக்குக் காது மடல் சுட்டது. இந்தப் பறவைகளுக்காக ஊர் முழுக்கச் சண்டை போட்டவன், அவை வந்து இறங்கும்போது விரட்டப் பார்க்கிறான். எவன் இப்படி ஆக்கினான்? பலகை நட்டவனா, மண் கொட்டுகிறவனா, படகு பிடித்த தானா? யாரைப் பிடித்துக் கத்துவது என்றே தெரியவில்லை.

மச்சான் பக்கத்தில் நெருங்கிக் குரலை இறக்கினார். "மாப்ள, பாதிக் கூட்டம் நாணல் ஓரமாத்தான் இருக்கு. அந்தப் பக்கம்னு விட்டுடலாம். பாக்குறவனுக்குத் தெரியாது."

குக்கர் கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்தார். பத்துப் பத்தாக, பிடி பிடியாக இடமிருந்து வலமாக நகர்த்தினார். ஒரு முறை முடித்துவிட்டு வலமிருந்து இடமாக மறுபடியும் வந்தார்.

அதற்குள் செயலாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அடேங்கப்பா, என்ன அழகு! என்ன அழகு!" என்று இரண்டு கைகளையும் சேர்த்து ஓங்கித் தட்டினார். ஓரத்தில் இருந்த வாத்துகள் கழுத்தை நீட்டி எழும்பப் பார்த்தன.

குக்கர் பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்தார். "யோவ்! தட்டாதய்யா, பறந்துடும்!"

செயலாளர் உண்மையாகவே புரியாமல் பார்த்தார். "பறந்தா உங்களுக்கு நல்லதுதானே அண்ணே?"

குக்கர் அந்தக் கைகளை விடவில்லை. எதிரே கழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து, வாத்துகள் மறுபடி சேற்றில் அலகைப் புதைக்கும் வரை பிடித்துக்கொண்டே நின்றார். மச்சானின் பேனா காத்துக்கொண்டிருந்தது.

"அறுநூத்து நாப்பது" என்றார். "எல்லாம் இந்தப் பக்கம்தான்."

"மாப்ள..."

"எழுதுங்க மச்சான்! என்ன பாக்குறீங்க? எழுதுங்க!"